பொங்கலுக்கு வந்தீர்கள், கூட்டத்துக்கும் வாருங்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றாருக்கு,

வணக்கம். போன தை மாதம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் உங்களில் பலரைக் கண்டேன். ஒருவர் கோலம் போட்டார், ஒருவர் பானை கொண்டுவந்தார், நாலு பேர் வடை சுட்டுக்கொண்டு வந்தார்கள். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014 இல் சட்டமாக்கியதிலிருந்து எங்களுக்கு அது ஒரு பெருமைதான். மூன்று கிழமை கழித்து அந்த மண்டபத்துக்குப் பக்கத்து நூலகத்தில் ஸ்கூல் கவுன்சில், அதாவது பெற்றாரும் பள்ளியும் சேர்ந்திருக்கும் ஆலோசனைக் குழுவின் கூட்டம் நடந்தது. அதிபர், ஓர் ஆசிரியை, ஐந்து பெற்றார். தமிழரென்று நான் மட்டும். காலையில் அந்த வாசலில் நின்றால் பாதிக் கதை தமிழில்தான் காதில் விழும்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் நாலு வருடம் போகாமல் இருந்தவன்தான். ஊரில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது என்ன? சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் காசு சேர்ப்பது, சிரமதானத்துக்கு மண்வெட்டி கொண்டுபோவது, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் கட்டுவது. அதிபர் சொல்வார், நாங்கள் செய்வோம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும், பீட்சா விற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, வந்த கடதாசியையெல்லாம் மடித்துக் குப்பையில் போட்டேன். உண்மையைச் சொன்னால் சில கவுன்சில்கள் பீட்சாவோடுதான் நிற்கின்றன. ஆனால் சட்டம் அதோடு நிற்கச் சொல்லவில்லை.

ஒன்ராறியோவின் 612/00 என்ற ஒழுங்குவிதியின்படி ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கவுன்சில் இருக்க வேண்டும். அதில் பெற்றாரே பெரும்பான்மை. தலைவரும் பெற்றார்தான், அதுவும் கல்விச் சபையில் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்ட்) வேலை செய்யாதவராக இருக்க வேண்டும். பள்ளி தொடங்கி 30 நாளுக்குள் தேர்தல், வருடத்தில் குறைந்தது நாலு கூட்டம். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய் இருக்கலாம். நடத்தை விதி, உடை விதி, நிதி சேர்க்கும் விதி, அதிபர்களை எந்த அடிப்படையில் நியமிப்பது என்பது வரைக்கும் கல்விச் சபை கவுன்சில்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கவுன்சில் ஒரு பரிந்துரை செய்தால் அதை ஆராய்ந்து, என்ன செய்தோம் என்று பதிலும் சொல்ல வேண்டும்.

பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு வரியின் பெறுமதி எனக்கு ஐஸில் வழுக்கித்தான் தெரிந்தது. பின் கேற்றிலிருந்து கிண்டர்கார்ட்டன் வாசலுக்குப் போகும் பாதைக்கு உப்புப் போடுவதே இல்லை. ஒரு அம்மம்மா பேரனோடு விழுந்தார். நான் ஒஃபிசில் இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் நன்றி சொல்லி அனுப்பினார்கள். பிறகு கவுன்சிலில் அதையே ஒரு பரிந்துரையாக வைத்தேன். ஒருவர் வழிமொழிந்தார், கூட்டக்குறிப்பில் ஏறியது. அடுத்த கூட்டத்தில் அதிபர் எழுந்து, இன்ன நேரத்துக்கு உப்புப் போட ஏற்பாடு செய்தாயிற்று என்று சொன்னார். நான் சொன்னது ஒரே விஷயம். ஒஃபிசில் சொன்னபோது அது முறைப்பாடு, குறிப்பில் ஏறியபோது பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி. அந்தக் குறிப்புகளை யாரும் போய்க் காசில்லாமல் பார்க்கலாம்.

கவுன்சிலுக்கு மேலே கல்விச் சபை மட்டத்திலும் கதிரைகள் உண்டு. ஒவ்வொரு சபைக்கும் ஒரு பெற்றார் ஈடுபாட்டுக் குழு இருக்கிறது. அங்கேயும் பெற்றாரே பெரும்பான்மை. வீட்டிலிருந்தபடி இணையவழியில் சேர்ந்தாலும் வந்ததாகக் கணக்கு. இரவு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அப்புறம் விசேட கல்வி ஆலோசனைக் குழு. பிள்ளைக்கு ஐ.இ.பி. (விசேட உதவி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறதை உறவினருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் குழு வருடத்தில் குறைந்தது பத்துத் தரம் கூடும். சபையின் விசேட கல்வித் திட்டத்தையும் அதற்கான பணத்தையும் ஆராயும்போது இதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினராவது கொஞ்சம் கடினம்: பெரும்பாலும் பெற்றார் சங்கங்கள் முன்மொழியும் ஆட்கள்தான் வருவார்கள், சபைத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியும் வேண்டும், அதாவது குடியுரிமை வேண்டும். ஆனால் பார்வையாளராகப் போக ஒன்றும் தேவையில்லை. ஒரு தரம் போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு நடக்கிறது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை என்று அங்கேதான் விளங்கும்.

இவை ஆலோசனைக் குழுக்கள்தான், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. 2025 யூனில் மாகாண அரசு ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையை ஒரு மேற்பார்வையாளரின் கையில் கொடுத்தது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ட்ரஸ்டிமாரின் அதிகாரம் அதோடு போயிற்று. அவர்களுக்கு ஃபோன் எடுத்தால் போதும் என்றிருந்த காலம் முடிந்த பிறகு, குறிப்பில் ஏறும் ஒரு வரிக்கு முன்பைவிட மதிப்புக் கூட என்பது என் எண்ணம்.

"என்ர இங்கிலிஷுக்கு நான் அங்க போய் என்னத்தைக் கதைக்கிறது?" இதைத்தான் அதிகம் கேட்கிறேன். எங்கள் கவுன்சிலில் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு வந்து வாசியுங்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். நேரமில்லை என்பதையும் நான் நம்பமாட்டேன். சனிக்கிழமை கிளாஸ் முடியும் வரை கார்ப்பார்க்கில் இரண்டு மணித்தியாலம் நாங்கள் எல்லோரும்தானே இருக்கிறோம். இது வருடத்துக்கு நாலு பின்னேரம்.

செப்டெம்பர் முதல் இரண்டு கிழமைக்குள் பிள்ளையின் பையில் அல்லது ஈமெயிலில் வேட்பாளர் படிவம் வரும். வராவிட்டால் ஒஃபிசில் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் போட்டி என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை, பெயர் கொடுத்தவர் உள்ளே. கூட்டம் பின்னேரம் ஆறரைக்கு. அந்த நேரம் முன்கதவு பூட்டியிருக்கும். மணியை அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், கேர்டேக்கர் வந்து திறப்பார்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஸ்காபரோ