அந்தப் பக்கத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

மதத்தைச் சாராமல் வாழ விரும்புகிறவர்கள் கூடும் எங்கள் மனிதநேயர் மன்றத்தின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உறுப்பினர் புதுப்பிப்புப் படிவத்தில் புதிதாகச் சேர்த்த பக்கத்தை நிரப்பாதவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்து, இந்த ஆண்டு அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று அறிவித்தீர்கள். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நான் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நான் எதை நம்புகிறேன், எதை நம்பவில்லை என்பதை வெளியே சொன்னால் என் சோற்றுக்கோ கூரைக்கோ ஆபத்தில்லை. அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிறந்த மதம் எது, எந்த ஆண்டு விலகினீர்கள், ஏன் விலகினீர்கள் என்று கேட்கிறது அந்தப் பக்கம். கடைசியில், எந்த மதச் சடங்கிலும் கலந்துகொள்வதில்லை என்று கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டும்.

நீங்கள் வாசித்த பெயர்களில் ஒன்று, நம் மன்றத்தின் இறுதி நிகழ்வுகளுக்கு இரங்கலுரை எழுதித் தரும் பெண்ணுடையது. சடங்கில்லாமல் வழியனுப்ப வேண்டும் என்று ஒரு குடும்பம் நம்மிடம் வந்தால், அவர்தான் போய் அவர்களோடு உட்காருவார். இறந்தவர் எப்படிச் சிரிப்பார், யாரோடு கோபித்துக்கொண்டிருந்தார், எதை முடிக்காமல் போனார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவார். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய்க் கேள்வி கேட்பது எத்தனை கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நம்மோடு இருப்பது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்த வீட்டில் அவருக்கு இடமிருக்காது. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது அம்மாவோடு வழிபாட்டுக்குப் போய்த் துணையாக உட்கார்ந்திருப்பார். இதில் எதை அவர் அந்தப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது? பொய் சொல்ல மனமில்லாமல் பக்கத்தைக் காலியாக விட்டார். அந்த நேர்மைக்காக, விருந்தினர்களும் உட்கார்ந்திருந்த அரங்கில் அவர் பெயரை முழுதாக வாசித்தீர்கள். கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். அதன்பிறகு உங்களில் யாராவது அவரிடம் பேசினீர்களா?

அவரை விடுங்கள், மற்றவர்களுக்கும் அந்தக் கேள்விகள் பொருந்தவில்லை. தாத்தா காலத்திலிருந்தே கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் 'பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தார். சரியான பதில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள். விலகுவதற்கு ஒரு மதமே இல்லாதவர் எந்த ஆண்டைக் குறிப்பிடுவார்? பல காலம் மதபோதகராக இருந்து வெளியே வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சந்தேகம் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே தொடங்கி மெல்ல மெல்ல வளர்ந்தது. மனைவியின் மறைவுக்குப் பிறகு நம்மிடம் வந்த பெரியவருக்குக் கடவுள் உண்டா இல்லையா என்பதில் இன்றுவரை முடிவில்லை. பிறப்பை வைத்துத் தன்னைத் தாழ்த்தியதைப் பொறுக்காமல் வந்தவரும், பள்ளியில் அறிவியல் படித்து வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் இது. நம் மன்றத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

மனிதநேய இயக்கமே அப்படித்தான் வளர்ந்தது. 1876இல் நியூயார்க்கில் கடவுள் நம்பிக்கையை அல்ல, நல்லொழுக்கத்தை மையமாக வைத்த நெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய ஃபீலிக்ஸ் ஆட்லர், ஒரு யூத மதகுருவின் மகன். அவரும் மதகுருவாகப் பயிற்சி பெற்றவர்தான். 1933இல் வெளியான மனிதநேய அறிக்கையில் கையெழுத்திட்ட 34 பேரில் பலர், கிறிஸ்தவ மரபில் தோன்றிய யூனிடேரியன் சபையின் போதகர்கள். இந்திய விடுதலைக்கு ஆயுதம் தேடிக் கடல் கடந்த எம்.என்.ராய், பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தில் பணியாற்றி, 1929இல் அதிலிருந்து வெளியேற்றப்பட்டு, அப்புறம்தான் தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் 'தீவிர மனிதநேயம்' என்ற கொள்கைக்கு வந்தார். 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உலக மனிதநேயர் ஒன்றியம் உருவானபோது அவருடைய இயக்கமும் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. நம் படிவத்தின் உறுதிமொழியைக் கேட்டிருந்தால், 1933இல் அந்தப் போதகர்கள் கையெழுத்திட்டிருக்க முடியுமா?

நாம் மேற்கோள் காட்டும், அந்த ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் பிரகடனம், மனிதநேயம் தன்னைச் சேர்ந்தவர்கள் மீது எந்தக் கோட்பாட்டையும் திணிப்பதில்லை என்கிறது. தன் நம்பிக்கையை வெளிப்படுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் தன் 22ஆவது பொதுக் கருத்துரையில் எழுதியது. அது அரசுகளுக்குச் சொன்னது என்று பதில் சொல்லலாம். அரசுகளிடம் இதைக் கேட்டுப் போராடும் நாம், நம் உறுப்பினர்களிடம் அதற்குக் குறைவாக நடந்துகொள்ளலாமா? மதத்தை விட்டால் மரண தண்டனை என்று சட்டம் உள்ள நாடுகள் இன்னும் இருக்கின்றன. நிரப்பிய படிவங்கள் எந்த அலமாரியில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்றுகூட நீங்கள் சொல்லவில்லை.

குழப்பம் செய்ய வருபவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றீர்கள். குழப்பம் செய்ய வருபவர் நீங்கள் விரும்பும் பதிலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு உள்ளே வருவார். உண்மை பேசுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள், மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மதத்தை உதறிய கதையை உரக்கச் சொல்லத் தெரிந்தவர்களுக்கே நம் மேடை கிடைக்கிறது. சொல்லக் கதை இல்லாதவர்கள் நாற்காலி அடுக்குகிறார்கள். புதிதாக வருபவரிடம் நாம் முதலில் கேட்பது 'நீங்கள் எதிலிருந்து வந்தீர்கள்?' என்பது, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. இளைஞர்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். வந்தவர்களை இப்படி நிறுத்திவைத்து விசாரித்தால் யார் தங்குவார்கள்? மன்றத்தை வளர்த்த உங்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இது இத்தனை வலிக்கிறது.

சரி, அதை விரிவாகப் பிறகு பேசலாம். இப்போது கேட்பது இதுதான்: அந்தப் பக்கத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இதுவரை வாங்கிய பக்கங்களை, நான் கொடுத்தது உட்பட, அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். பெயர் வாசிக்கப்பட்ட எல்லோருக்கும் பொதுக்குழுவுக்கு முன்பே வாக்குரிமையைத் திருப்பித் தாருங்கள். இரங்கலுரை எழுதும் அந்தப் பெண்ணிடம் தலைவரோ செயலாளரோ நேரில் வருத்தம் தெரிவியுங்கள். வீட்டுக்குக் கடிதம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்ற உறுப்பினர் ஒருவர்