துணிக்குள் கெட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விடுதி ஒன்றில் ஆறு வருடம் உதவி வார்டனாக இருந்தவன் நான். 'அறையில் சமையல் மின்சாதனம் எதுவும் வைத்திருக்கக் கூடாது' என்று விதித்தாளில் ஒரு வரி இருக்கும். சேரும்போது எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒருநாள் இரவு சோதனைக்குப் போயிருந்தோம். ஓர் அறையில் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமானது. உள்ளே பையன்கள் புத்தகமும் கையுமாக இருந்தார்கள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. அலமாரியைத் திறந்தால், மடித்த துணிகளுக்கு நடுவே போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை. தொட்டேன், சுட்டது. உள்ளே அரைவாசித் தண்ணீரோடு கெட்டில், ஆவி அடங்கவில்லை. மேசை மேலேயே இருந்திருந்தால் அது பாட்டுக்கு ஆறியிருக்கும். போர்வைக்குள் போகவைத்தது எங்கள் சோதனை. அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. பறிமுதல் செய்து அபராதமும் போட்டேன். அடுத்த மாதமே அதே அறையில் வேறொரு கெட்டில்.

விதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். கெட்டில்கள் பலவும் 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2,000 வரை இழுக்கும். லேப்டாப்பும் டேபிள் ஃபேனும் ஏற்கெனவே தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் செருகினால் ஒயர் சூடேறி, மேலுறை இளகத் தொடங்கும். தேர்வுச் சமயத்தில் ஒரே தளத்தில் பத்து அறைகளில் ஒரே நேரத்தில் கெட்டில் போட்டால் 65 ஆம்பியர். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து தளமே இருண்டு போகும். விழுந்தால் பரவாயில்லை, விழாமல் இருந்தால்தான் பயம்.

ஆனால் எல்லாச் சாதனமும் ஒன்றா? தண்ணீர் கொதித்ததும் ஆவி பட்டுத் தானே அணைந்துவிடும் கெட்டிலும், மறந்துபோய் வெளியே கிளம்பினாலும் சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருக்கும் சுருள்கம்பி அடுப்பும் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. மாணவர்களும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து, இரண்டையும் ஒளித்து வைக்கிறார்கள். தானாக அணையாத எதையும் தயவு பார்க்காமல் தடை செய்யுங்கள். 500 வாட் கெட்டிலை அனுமதியுங்கள். சுவர் பிளக்கில் மட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது என்று எழுதிவையுங்கள். அரை லிட்டர் தண்ணீர் 1,500 வாட்டில் இரண்டு நிமிடத்தில் கொதிக்கும், இதில் ஆறு நிமிடம் ஆகும். நாலு நிமிடம் காத்திருக்க மாட்டேன் என்று எந்த மாணவரும் சொல்லப் போவதில்லை. அனுமதித்த கெட்டில் மேசை மேல் இருக்கும், அதன் ஒயர் பிய்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கவும் முடியும்.

அதற்கும் மனசு வராத நிர்வாகங்கள் தளத்துக்கு ஒரு சிறிய அறையை ஒதுக்கி, 16 ஆம்பியர் பிளக்கும் தனி எம்.சி.பி.யும் போட்டு, ஒரு கெட்டிலும் ஒரு மைக்ரோவேவும் வைக்கலாம். சரி, அதை யார் துடைப்பது என்ற சண்டை கட்டாயம் வரும். வரட்டும், அது தீப்பிடிக்கிற சண்டை இல்லை. ஒன்றே ஒன்று: அந்த அறையை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடாதீர்கள். காய்ச்சலில் கிடக்கும் அறைத்தோழனுக்குச் சுடுதண்ணீர் கேட்டு என் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் மெஸ் மூடிய பிறகு வந்தவர்கள்தான்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி வார்டன் ஒருவர்