கல்லூரி போகும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

தூக்கிய பல்லா, "காலேஜ் போறப்ப கம்பி கட்டிக்கலாம்" என்பது எங்கள் ஏற்காட்டில் வழக்கமான பேச்சு. பல் மட்டும் தூக்கியிருந்தால் சரி, பொறுக்கலாம். கீழ்த்தாடையே உள்வாங்கி, கீழுதடு மேல்பல்லுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு அது சரிவராது. கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து நிறுத்தும் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவிகள், பிள்ளை கிடுகிடுவென உயரும் பருவத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு அது சற்று முன்னதாகவே வந்துவிடும். வளர்ச்சி நின்றபின் பல்லைப் பிடுங்குவதும், கடுமையாக இருந்தால் தாடை அறுவையும்தான் மிச்சம்.

தாடை அப்படியே மாறிவிடும் என்றும் நம்ப வேண்டாம். மாற்றத்தில் பெரும்பங்கு பல் நகர்வதுதான். அப்புறம் பலருக்குக் கம்பியும் தேவைப்படும். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டிய கருவி, கைக்குட்டையில் சுருட்டியபடி புத்தகப்பையில் கிடந்தால் ஒரு பலனும் இல்லை.

பள்ளி மருத்துவ முகாமில் சொத்தைப் பல்லோடு நிறுத்தாமல், 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கவாட்டில் திருப்பித் தாடையையும் பார்க்கட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தபடி மாதாமாதம் சேலம் இறங்குவது பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. மாதம் ஒரு நாளாவது பல் சீரமைப்பு மருத்துவர் மலைக்கு வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு தாய், ஏற்காடு