சித்திரம் பாடத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புக்குரியவர்களுக்கு,

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் பெரும் பங்கு உங்களுக்கு உரியது. சித்திரத்தில் எனக்குக் கிடைத்த 'ஏ' சித்தி, தனியே உட்கார்ந்து மனனம் செய்து வாங்கியது இல்லை. இந்தப் பாடத்தில் முதல் வேலை பார்ப்பது. சுவரோவியத்தையும் சிலையையும் நேரில் பார்க்க வேண்டும். மேசையில் இருக்கும் செம்பையும் பார்க்கத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதற்கு வழி அமைத்துத் தந்தவர்கள் நீங்கள். நீங்கள் செய்ததை ஊரும் அறிய வேண்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் சித்திர ரீச்சருக்கு முதல் வணக்கம். உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்கள் ஒரு வாங்கில் அடங்கிவிடுவோம். அந்தச் சில பேருக்காக நேர அட்டவணையில் இடம் வாங்கி, பாடசாலை முடிந்த பிறகும் நின்று கற்பித்தார். அதற்கு அனுமதி தந்து, பழைய களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி எங்களிடம் விட்ட அதிபருக்கும் நன்றி. அந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். "ஒளி ஒரு பக்கத்தால் மட்டும் வரும், உங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்று ரீச்சர் மகிழ்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு நாள் பனையோலைக் கடகம் ஒன்றையும் பித்தளைச் செம்பையும் வைத்து வரையச் சொன்னார். கடகத்தின் பின்னலை ஒவ்வொரு ஓலையாக எண்ணி வரையத்தான் எவருக்கும் கை போகும். ரீச்சர் பக்கத்தில் வந்து, "கண்ணைப் பாதி மூடிப் பார், இப்போது எத்தனை ஓலை தெரிகிறது?" என்று கேட்டார். ஒளி விழுந்த பக்கத்தில் பின்னலே தெரியவில்லை. இருளுக்குள் போன பக்கத்திலும் தெரியவில்லை. ஒளியும் நிழலும் சந்திக்கும் அந்த ஒடுங்கிய பட்டையில் மட்டும் ஓலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவது துல்லியமாகத் தெரிந்தது. அங்கே மட்டும் பின்னலை வரைந்தேன். முழுக் கடகமும் பின்னலோடு தாளில் எழும்பி வந்தது. பரீட்சை மண்டபத்தில் பொருட்களை வைத்து வரையச் சொன்ன நேரம் முழுவதும் ரீச்சரின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் வரைந்தேன்.

வீட்டில் அம்மா குத்துவிளக்கு, சுளகு, மண்சட்டி என்று கேட்டதையெல்லாம் தந்தார். வரைந்து முடியும்வரை சட்டியை அடுப்பில் ஏற்றாமல் பொறுத்திருந்தார். அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார் என்பதால் இந்த அளவில் நிறுத்துகிறேன்.

அடுத்தது, எங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கும் ரீச்சர். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது. இலங்கையின் விகாரை ஓவியங்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எங்கள் கைக்கு வந்த தமிழ்க் குறிப்புகளில் படியெடுத்துப் படியெடுத்துக் கறுத்துப்போன படங்கள்தான் இருந்தன. கண்டிக்கால ஓவியத்தின் சிவப்புப் பின்னணியைப் பற்றி எழுத வேண்டும். படத்தில் சிவப்பே இல்லை! ரீச்சர் மாலைகளில் சிங்களக் கட்டுரைகளை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அது போதாது என்று அவருக்கே தோன்றி, விடுமுறையில் என்னையும் அம்மாவையும் கண்டியில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அவருடைய தந்தையார்தான் எங்களைத் தெகல்தொறுவை விகாரைக்குக் கூட்டிச் சென்றார். பாறையைக் குடைந்து அமைத்த அந்த விகாரையின் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய பணி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவேறியது. தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அரசர்கள் கண்டியின் பௌத்த ஓவியத்தைப் போஷித்தார்கள் என்பதைக் குறிப்பில் படித்திருந்தேன். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோதுதான் அது மனத்தில் ஏறியது. அங்கிருந்த தேரர், அதாவது பௌத்த துறவி, எங்களை அவசரப்படுத்தவே இல்லை. கைவிளக்கைத் தாமே பிடித்து, பட்டை பட்டையாகச் சுவரில் நகர்த்திக் காட்டினார். புத்தரின் முற்பிறப்புக் கதையில் வரும் வெஸ்ஸந்தர அரசன் ஒரே பட்டையில் மீண்டும் மீண்டும் வருகிறான். வெளிச்சம் நகர நகரக் கதையும் நகர்ந்தது. ரீச்சரின் தந்தையார் கதையைச் சிங்களத்தில் சொல்ல, ரீச்சர் அதைத் தமிழில் சொன்னார். 'தொடர் கதைகூறல் முறை' என்று எத்தனையோ தடவை எழுதிய விடையின் பொருள் அந்தச் சுவரில் இருந்தது. இடைவெளியெல்லாம் தாமரைப் பூக்கள், ஆழம் காட்டாத தட்டையான வர்ணம், அந்தச் சிவப்பு. தேரருக்கும் அந்தப் பெரியவருக்கும் என் பணிவான வணக்கம்.

திரும்பும் வழியில் பொலன்னறுவையில் நின்று போகலாம் என்று சொன்னவர் வான் சாரதி அண்ணா. மேலதிகமாக ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். கல் விகாரையின் சயன புத்தர் 46 அடிக்கும் சற்று அதிக நீளம். அந்தப் பெருமை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் நின்றது தலையணைக்கு அருகில். தலையின் பாரத்தால் தலையணை சற்று அமிழ்ந்திருக்கிறது. கருங்கல்லில் அந்த அமிழ்வைச் செதுக்கியிருக்கிறான் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி. பிறகு பாதங்களைப் போய்ப் பார்த்தால், இரண்டும் நேராகப் பொருந்தவில்லை. மேலிருக்கும் பாதம் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. உறங்கவில்லை, பரிநிர்வாணம் அடைந்துவிட்டார் என்பதற்கு அதுவே குறி. அதே நகரில் சோழர் கட்டிய இரண்டாம் சிவாலயத்தையும் பார்த்தோம். வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர் பெற்ற அந்தக் கற்றளி, சிகரம் வரை இன்றும் நிற்கிறது. சோழர் கலையையும் சிங்களக் கலையையும் ஒப்பிட்டு எழுத எனக்கு வேறு குறிப்பு தேவைப்படவில்லை. சாரதி அண்ணா, நீங்கள் தந்த அந்த ஒரு பொழுதை நான் மறக்கமாட்டேன்.

கொழும்பில் இருக்கும் மாமாவுக்கும் நன்றி. பொரளையிலுள்ள கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40இல் தீட்டிய சுவரோவியங்களைக் காட்டினார். பிறகு பார்ண்ஸ் பிளேசில் உள்ள சபுமல் மன்றத்துக்குக் கூட்டிப்போனார். ஓவியர் ஹரி பீரிஸின் வீடு அது. 1943இல் தொடங்கிய நவீன ஓவியர் கூட்டமான '43 குழு'வின் ஓவியங்கள் அங்கே வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. ஓவியம் மனிதர் வாழும் இடத்தில் இருக்க வேண்டியது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அங்கேதான்.

எங்கள் ஊரில் இளைப்பாறிய சித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேர், நீங்கள் சொல்லியிராவிட்டால் யாழ்ப்பாணத்துக்கென்று ஓர் ஓவிய வரலாறு இருப்பதே எனக்குத் தெரிந்திராது. எஸ்.ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப் என்ற ஓவியக் கழகத்தைப் பற்றியும், ஓவியர் மாற்கு பல மாணவர்களை உருவாக்கியதைப் பற்றியும் விறாந்தையில் இருந்து மணிக்கணக்காகச் சொன்னீர்கள். போரால் நேர்ந்த 1995 இடப்பெயர்வில் உங்கள் ஓவியங்கள் எல்லாம் போனதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்களோ, இருந்தால் எங்கே எதைத் தொங்கவிட்டிருப்பேன் என்று வெறுஞ்சுவரைக் காட்டி ஒவ்வொன்றாக விவரித்தீர்கள். வடக்கின் ஓவியர்களைப் பற்றியும் பாடத்தில் இன்னும் நிறையச் சேர்க்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் இப்போது என்னுடையதும்கூட.

படியெடுக்கும் கடை அக்கா, சிகிரியா ஓவியங்களை மட்டும் வர்ணத்தில் எடுத்துத் தந்து கறுப்பு வெள்ளைக்கான காசையே வாங்கினீர்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் நானும் தோழிகளும் வாதாடினோம். அந்த ஓவியப் பெண்கள், கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி சொன்னபடி தேவமகளிரா? தொல்லியலாளர் பெல் கருதியபடி விகாரைக்குப் போகும் அரசகுலப் பெண்களா? அல்லது இன்னொரு தொல்லியலாளர் பரணவிதான சொன்னபடி மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவையா? இடுப்புக்குக் கீழே மேகம் மறைப்பதால் நான் குமாரசுவாமி பக்கம்; இன்றும் அதே பக்கம்தான். என்னோடு விடாமல் வாதாடிய தோழிகளே, உங்கள் எதிர்வாதங்களால்தான் என் விடைகள் உரம் பெற்றன.

என் குறிப்புக் கொப்பிகளையும், சிங்களத்திலிருந்து தமிழில் எழுதியவற்றையும், வர்ணப் படங்களையும் ரீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை சித்திரம் எடுப்பவர்கள் எந்தப் பாடசாலையாக இருந்தாலும் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொள்ளலாம். கண்டிக்குப் போக விரும்புகிறவர்களை அழைத்துப்போகத் தாம் தயார் என்று சிங்கள ரீச்சரும் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி,
யாழ்ப்பாணம்