முதல் தட்டு இட்லியைச் சாப்பிட்ட ஆச்சிக்கும், வாய் திறக்காத தாயிக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. பிறந்தநாளன்று அவளோடு படிக்கும் பிள்ளைகள் ஏழு பேர் தாராவியில் இருக்கும் எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து, நான் அவித்த இட்லியைச் சாப்பிட்டார்கள். ஒரு வாண்டு மூன்று தடவை சட்னி கேட்டது. எல்லோரும் போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். இதே அடுப்பில் அவித்த இட்லியை ஒரு காலத்தில் இந்தக் கல்லியில், இந்தச் சந்தில், யாரும் தொடவில்லை. அன்றைக்கு எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவருக்குக்கூட நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்களுடையது இட்லிக்கார வீடு. மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், விடிவதற்குள் அவர் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி கிளம்பிவிடுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிலை வைத்துத்தான் தாராவியில் காலூன்றின. நாங்களும் அப்படித்தான்.

2015-ல் நான் நான்கு மாதக் கர்ப்பம். பேர் பதிந்திருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கான பரிசோதனை என்று யாரும் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று, காத்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உங்க கேஸை இங்க பார்க்க மாட்டோம்" என்று பைலை நீட்டினார்கள். மேலே சிவப்பு மையில் எச்.ஐ.வி. என்று கொட்டை எழுத்து. அதை யார் படித்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரே வாரத்தில் எங்கள் கல்லிக்குச் செய்தி வந்துவிட்டது. "நாளைலேர்ந்து வேண்டாம் அண்ணா" என்று ஒரே காலையில் பதினொரு வாசலில் சொல்லி அனுப்பினார்கள். முக்கால் பாத்திரம் இட்லியோடு அவர் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

முதல் நன்றி, சயான் ஆஸ்பத்திரியில் பார்த்த கவுன்சலர் தாயிக்கு. மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று அர்த்தம். எனக்கு ரெண்டுமே பொருந்தியது.

தாயி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஊரே அதைத்தான் கேட்டது. நீங்கள் கேட்டது, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" அப்புறம் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினீர்கள்: ஒன்றுமே செய்யாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15-லிருந்து 45 வரைக்கும் தொற்றலாம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடும். அந்தத் தாளை மடித்து இன்னும் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ராத்திரி மாத்திரை போட்டால் முதல் சில வாரம் தலை சுற்றியது, கெட்ட கனவாக வந்தது. மூன்று மணிக்கு எழ வேண்டியவளுக்கு அது பெரிய பாடு. நீங்கள்தான் எட்டரைக்கே போட்டுவிட்டுப் படுக்கச் சொன்னீர்கள். அந்த மாத்திரைக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது மும்பையில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினார்கள் என்றும், அதற்கு முன்னால் வாங்க வழியில்லாமல் செத்தவர்கள் ஏராளம் என்றும் நீங்கள் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைக் கும்பிட்டேன்.

பிரசவ வார்டு சிஸ்டருக்கு. வலியில் நான் கத்தியபோது வெறும் கையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தீர்கள். பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குப் போட்ட மாதிரியே ஒரு சாதாரணக் கையுறையைத்தான் எனக்குப் பிரசவம் பார்க்கும்போதும் போட்டீர்கள். தனிப் படுக்கையும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. பிறகு குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து, ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி முதல் பரிசோதனை, பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனை. "நெகட்டிவ்" என்று படித்துச் சொன்ன லேப் தம்பி, அதை இரண்டாவது தடவையும் சத்தமாகப் படித்தார். அவருக்கும் என் நன்றி.

இப்போது கிராஸ் ரோடு அக்காவுக்கு வருகிறேன். அக்காவும் பாசிட்டிவ்தான். எங்கள் கல்லியில் பாய் விரித்து, பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, தமிழிலேயே பேசினார். எங்கள் பெயரை எடுக்கவே இல்லை, தன் கதையை மட்டும் சொன்னார். ஒருத்தி கேட்டாள், "இட்லி ஆவியில வேகுது, சரி. சட்னி பச்சையாத்தானே இருக்கு?" நான் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கோபப்படவில்லை. "பச்சையா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. எச்சில்ல வராது, வேர்வைல வராது, கொசுவால வராது" என்றார். "தேங்காய் துருவுறப்ப கையில கீறிட்டா?" என்று இன்னொருத்தி. "உடம்பை விட்டு வெளிய வந்தா அந்தக் கிருமி ரொம்ப நேரம் தாங்காது. சாப்பாட்டோட வயித்துக்குள்ள போனாலும் ஒட்டாது." கேட்டவர்கள் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அவர்கள் கேட்டதே நல்லது. கேட்காமல் ஒதுங்கிப் போனவர்களிடம்தான் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு, பக்கத்துக் கோலி ஆச்சி தன் வீட்டு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றார். "ரெண்டு வை. சட்னிய நல்லா ஊத்து." தண்ணீர் பிடிக்கப் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரம் அது. அந்த வரிசைக்கு எதிரிலேயே நின்று, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். விரலை நக்கினார். "உப்பு ஒரு கல் கம்மி" என்றார். அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த வாரம் நாலு வீடு திரும்பி வந்தது. எல்லோரும் வரவில்லை, சில வாசல்கள் இன்றுவரை திறக்கவில்லை. ஆச்சி இப்போது இல்லை. அந்தத் தட்டை அவர் மருமகள் எனக்கே கொடுத்துவிட்டாள்.

நான் பார்த்தேயிராத சிலருக்கும் சொல்ல வேண்டும். தொழில் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரர் வேலை தேடிப் போனார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டதும் ஒடுங்கிப்போய்த் திரும்பி வந்தார். அப்போது அக்கா ஒரு கதை சொன்னார். இதே மும்பையில், எச்.ஐ.வி. இருக்கிறது என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உடம்பு வேலைக்குத் தகுதியாக இருக்கும்போது இந்தக் காரணத்துக்காக மட்டும் வேலையை மறுக்கக் கூடாது என்று 1997-ல் தீர்ப்பு வாங்கினார். அவர் பெயர் வெளியே வராமல் 'எம்.எக்ஸ்.' என்ற இரண்டு எழுத்தில் வழக்கை நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. அவரை வேலையை விட்டு நிறுத்தியது அரசுத் துறை நிறுவனம். தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. வேலை, வைத்தியம், பள்ளிக்கூடம், வாடகை வீடு, எதிலும் ஒதுக்கக் கூடாது. நம் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ வெளியே சொல்லவோ கூடாது. அன்று எனக்கு நடந்ததை இன்று சட்டம் தடுக்கிறது. அந்த எம்.எக்ஸ். அண்ணனுக்கு, இன்னொரு பெயர் சொல்லாதவளின் கும்பிடு.

1986-ல் சென்னையில் சுனிதி சாலமன் அம்மாவும் அவர் மாணவி நிர்மலா அம்மாவும்தான் இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் பேசவே கூசிய காலத்தில் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசி ரத்தம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பெரிதாகப் படுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது பயந்துபோய் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம்.

தாயி, நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்', அதாவது கிருமி தென்படவில்லை என்றுதான் வந்திருக்கிறது. முதல் நாளே நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வெளியே எங்கேயாவது பார்த்தால் உன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன். நீ சிரித்தால்தான் நான் சிரிப்பேன்." அப்புறம் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரெதிரே வந்தோம். என் மாமியார் கூட இருந்ததால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்களும் யாரோ மாதிரி கடந்து போனீர்கள்.

அடுத்த தடவை பார்த்தால் நானே முதலில் சிரிப்பேன், தாயி. மகளையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால், இட்லிக்கார வீட்டுப் பெண்