கேட்டிருந்தியே, போன் விஷயமா

கண்ணா,

நாலு மாசம் கழிச்சு உன்கிட்டேருந்து ஒரே ஒரு லைன். "அம்மா, கம்மி விலையில ஒரு போன் சொல்லு, டவுன்லோட் பண்ணி வெச்ச வீடியோ ஓடணும், பிடிஎஃப் படிக்கணும், நெட் கூட வேணாம்." நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல. சரி போகட்டும், என்கிட்டயாச்சும் கேட்டியே, வேற யார்கிட்ட கேட்டிருந்தாலும் கேமரா எத்தனை மெகாபிக்சல்னு பாட்டு பாடி எதையாவது உன் தலையில கட்டியிருப்பாங்க. கையில இருந்த அந்த பெரிய போன் என்னாச்சுன்னு நான் கேக்கல. கேக்க மாட்டேன்.

வீடியோன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதே. எம்பி4, எம்கேவி இதெல்லாம் வெறும் டப்பா, உள்ள எந்த கோடெக்ல, அதாவது படத்தை எந்த முறையில சுருக்கி வெச்சிருக்காங்கறதுதான் விஷயம். எச்.264 வந்தது 2003-ல, அது இப்ப விக்கிற எந்த போன்லயும் ஓடும். 2013-ல வந்த எச்.265-ம் பெரும்பாலும் ஓடிடும். 2018-ல வந்த ஏவி1-தான் தகராறு புடிச்சது, விலை குறைஞ்ச போன் நிறையதுல அதை டீகோட் பண்ற பகுதி சிப்புக்குள்ள இருக்கறதே இல்ல, அப்போ ப்ராசஸரே முக்கி முக்கி அந்த வேலைய பண்ணும், போன் சூடாகும், சார்ஜ் கடகடன்னு இறங்கும், படம் திக்கித் திக்கி வரும். எச்.264-லயே 10 பிட்டுல, அதாவது நிறத்தை இன்னும் நுணுக்கமா வெச்சு, பண்ண பழைய ஃபைல் மட்டும் இதே கதைதான். படம் நல்லா ஓடி சத்தம் மட்டும் வரலைன்னா போனை திட்டாதே, ஆடியோ ஏசி3 இல்லன்னா டிடிஎஸ்ங்கற வகையா இருக்கும், போனோட வர்ற பிளேயருக்கு பல சமயம் அது தெரியாது, விஎல்சின்னு ஒரு பிளேயர் ஆப் இருக்கு, அதை போட்டுக்கோ, காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், உன்கிட்ட இருக்கறதுலயே பெரிய, அடம்புடிக்கிற ஃபைல் ஒண்ணை பென்டிரைவ்ல போட்டு, பென்டிரைவை போன்ல சொருகற ஓடிஜி ஒயரையும் எடுத்துட்டு போய் வாங்கறதுக்கு முன்னாடியே அந்த போன்ல ஓட்டிப் பாரு. முதல் ரெண்டு நிமிஷம் நிறைய போன்ல நல்லாதான் ஓடும், நடுவுல விரலால தள்ளித் தள்ளி பாரு, உடனே புடிச்சிக்குதா இல்ல யோசிக்குதான்னு தெரிஞ்சிடும். கூச்சப்படாதே. உனக்குத்தான் கேக்கறதுக்கே வாய் வராதே, சின்னவளா இருந்தா பத்து போனை திறக்க வெச்சிருப்பா. தப்பா எடுத்துக்காதே, அவ ஞாயிறு தவறாம கூப்பிடறா, அதை சொன்னேன்.

டாக்குமெண்ட்தான் என் சப்ஜெக்ட். இருபது வருஷம் டிடிபி, கம்ப்யூட்டர்ல பக்கம் அடிச்சு அமைக்கற வேலை, பண்ணவ சொல்றேன் கேளு. ஏ4 பேப்பர் அகலம் 21 சென்டிமீட்டர். 6.5 இன்ச் போன்னு சொல்றாங்களே, அது மூலைக்கு மூலை அளக்கறது, அகலம்னு பார்த்தா 7 சென்டிமீட்டர் கூட வராது. அப்ப நீ 12 பாயின்ட்ல இருக்கற பக்கத்தை அதுல முழுசா காட்டினா எழுத்து 4 பாயின்ட்டா சுருங்கிடும், மருந்து பாட்டில் லேபிள் கூட அதை விட பெருசா இருக்கும். போனை படுக்க வெச்சு புடி, 15 சென்டிமீட்டர் கிடைக்கும், 8 பாயின்ட்டுக்கு மேல வந்துடும், பத்தி பத்தியா மேல தள்ளி படிக்கலாம். இதை நான் சொல்லாம விட்டா நீ ரெண்டு விரலால பெருசாக்கி, வலது பக்கம் தள்ளி, இடது பக்கம் தள்ளி, ஒரு வரி முடிக்கறதுக்குள்ள முதல் வார்த்தைய மறந்துடுவே. இதுக்குத்தான் ஸ்க்ரீன்ல கஞ்சத்தனம் பண்ணாதேன்னு சொல்றேன். 720-க்கு 1600-ன்னு போட்டிருந்தா எச்டி ப்ளஸ், அந்த சைஸ்ல இன்ச்சுக்கு 270 புள்ளிதான், 1080-க்கு 2400-ன்னா 400 புள்ளி. வீடியோவுக்கு இது பெரிய வித்தியாசம் தெரியாது, பொடி எழுத்துக்கு தெரியும், அதுவும் நம்ம எழுத்துல ணகரம் னகரம்னு சுழி எண்ண வேண்டியிருக்கே. நிறைய நேரம் படிக்கப் போறேன்னா ஃபுல் எச்டி ப்ளஸ் வாங்கு, அதுக்காக கேமரால எவ்வளவு வேணா விட்டுக்குடு.

நிறைய நேரம் படிக்கப் போறியா?

ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ, 500 பக்கத்துக்கு 500 போட்டோ, ரேம் கம்மியா இருந்தா பக்கம் புரட்டும்போது வெள்ளையா நிக்கும், 4 ஜிபிக்கு கீழ இறங்காதே, 6 இருந்தா நல்லது. பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச வேர்ட் ஃபைல் யாராவது குடுத்தா போன்ல எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கிடக்கும், பயந்துடாதே, எனக்கு அனுப்பு, யூனிகோடுக்கு மாத்தி பிடிஎஃப் பண்ணி தர்றேன். எத்தனை பக்கமா இருந்தாலும் அனுப்பு. இப்ப எனக்கு வேற என்ன வேலை. ராத்திரி படிக்கறதா இருந்தா வெளிச்சத்தை ஒரேயடியா குறைக்காதே, அமோலெட் ஸ்க்ரீன் சிலதுல வெளிச்சம் குறைச்சா கண்ணுக்குத் தெரியாம துடிக்கும், சில பேருக்கு தலைவலி வரும், உனக்கு அந்த ஒத்தைத் தலைவலி வேற உண்டே. உனக்கு சாதா எல்சிடியே போதும், விலையும் கம்மி.

ஸ்டோரேஜ் 128 ஜிபி வாங்கு. 64-ன்னு போட்டிருந்தா அதுல சிஸ்டமே 15, 20 ஜிபி சாப்பிட்டுடும். ஒரு மணி நேர கிளாஸ் ஒண்ணு 720பி-ல சுமாரா அரை ஜிபி வரும், கணக்கு போட்டுக்கோ. கிளாஸ்னு நானா சொல்லிட்டேன், நீ சொல்லல. நீ சொல்லாட்டியும் சினிமா பாக்கறவன் பிடிஎஃப் கேக்க மாட்டான், நெட் வேணாம்னும் சொல்ல மாட்டான், இது கூட தெரியாதவளா நான். வேலைல இருக்கியா இல்லையான்னு உங்கப்பா ரெண்டு தடவை என்னை கேட்டார், இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்த பிரிண்டரை இன்னும் துணி போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன், வர்றவங்க எல்லாருக்கும் காட்டிடுவேன்.

மெமரி கார்டு போடற மாதிரி போனா வாங்கு. ஸ்லாட் ஹைப்ரிடான்னு பாரு, ஹைப்ரிட்னா ரெண்டாவது சிம் இல்லன்னா கார்டு, ரெண்டும் சேர்த்து போட முடியாது. 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டு ஃபேட்32-ல வரும், 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை அது வாங்கிக்காது, 64-லேருந்து எக்ஸ்ஃபேட், தொல்லை இல்ல. அடிமாட்டு விலைக்கு 512 ஜிபின்னு எவனாவது நீட்டினா வாங்காதே, வெளிய 512-ன்னு காட்டும், உள்ள பல சமயம் பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, நிறைஞ்சதும் சத்தமில்லாம பழசை அழிச்சு அழிச்சு எழுதும். கார்டை போனுக்குள்ள போட்டதும் ஒரு கேள்வி கேக்கும், கழட்டி எடுத்துக்கற மாதிரி போர்ட்டபிளா வெச்சுக்கவா, இல்லன்னா போனோட சொந்த ஸ்டோரேஜ் மாதிரி இன்டர்னலா சேர்த்துக்கவான்னு. போர்ட்டபிள்னு குடு. இன்டர்னல்னு குடுத்தா அது முதல்ல கார்டை துடைச்சிடும், அப்பறம் அந்த ஒரு போனுக்கு மட்டும்னு பூட்டு போட்டுடும், போன் செத்தா கார்டும் செத்த மாதிரிதான், வேற எதுல போட்டாலும் ஃபார்மேட் பண்ணவான்னுதான் கேக்கும்.

இது எனக்கு எப்படி தெரியும்னா.

உன் கார்டு தானா போகலடா. ராத்திரி பூரா போனும் கையுமா கிடக்கறேன்னு அதை உன்கிட்டேருந்து பிடுங்கினேன்ல, பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, அந்த வாரம் அப்பா போன்ல இடம் இல்லைன்னு உன் கார்டை எடுத்து அதுல போட்டேன். இதே கேள்விய கேட்டுச்சு. மேல இருந்ததை அமுக்கினேன். எல்லாம் அழிஞ்சிடும்னு அடுத்து ஒரு பக்கம் வந்துச்சு, இங்கிலீஷ்ல நாலு வரி, அடுத்தவன் அடிச்சதுல ஒத்து விட்டாக்கூட கண்டுபிடிக்கறவ, அந்த நாலு வரிய படிக்கல, ஓகே குடுத்துட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகல. நீ ஒரு வருஷமா கண்ட கண்ட இடத்துல நின்னு இறக்கி வெச்ச பாடம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு, நீ ராத்திரி பார்த்துட்டிருந்தது அதைத்தான், அதுவும் எனக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது. நீ கேட்டப்போ கார்டு கரப்ட் ஆயிடுச்சு, மட்டமான கார்டுன்னு சொன்னேன். நீ நம்பிட்டே. ரிசல்ட் வந்த அன்னிக்கு மாமா முன்னாடி வெச்சு, படிச்சிருந்தா வந்திருக்கும்னு வேற சொன்னேன். நீ ஒண்ணும் பேசல, செருப்பை மாட்டிட்டு போனே. அன்னிலேருந்தே நீ பேசறது குறைஞ்சுதா, இல்ல எனக்கு அப்படி தோணுதான்னு தெரியல.

அந்த கார்டு இன்னும் நீல டப்பாவுலதான் இருக்கு. ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்கிட்ட ரெண்டு தடவை குடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் வரல.

இதை போன்ல சொல்ல வரலடா, எழுத ஆரம்பிச்சதும் போன் விஷயம் மட்டும் எழுதறதாதான் இருந்தேன். நீ எந்த பரீட்சைக்கு படிக்கறேன்னு நான் கேக்கல.

பெரிய ஃபைலை ஓட்டிப் பார்க்காம வாங்காதே. நடுவுல தள்ளிப் பாரு. கார்டு போடறப்போ அந்த கேள்வி வந்ததும் எதையும் அமுக்காம நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு, உனக்கே தெரியும்தான், இருந்தாலும் பண்ணு, எந்நேரமா இருந்தாலும் முழிச்சிட்டுதான் இருப்பேன்.

அம்மா