படத்தைவிடத் திசை முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்ணத்துப்பூச்சிகளின் வலசை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘பொதுமக்களும் விஞ்ஞானிகளுக்கு உதவலாம்’ என்று ஒரு வரி இருக்கும். எப்படி உதவுவது என்பது இருக்காது. ஆர்வலர்களும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். படத்தால் இனம் தெரியும். எத்தனை பறந்தன, எந்தப் பக்கம் போயின என்பது தெரியாது.

எண்ணுவதற்குத் திறந்த வெளி வேண்டும். பறக்கும் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பம், ஒரு மரம் என இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 அல்லது 15 மீட்டர் போதும். அகலம் கூடினால் ஓரத்தில் போவது கண்ணுக்குத் தப்பும். 5 நிமிடம் கோட்டைத் தாண்டுபவற்றை எண்ணுங்கள். எதிர்த்திசையில் வருபவற்றைத் தனியே எழுதுங்கள். நீங்களே கழித்து ஒரே எண்ணாகத் தர வேண்டாம். பூவுக்குப் பூ தாவுபவை கணக்கில் சேரா. சுவர் குறுக்கிட்டாலும் திரும்பாமல் மேலேறித் தாண்டி, அதே திசையில் போவதுதான் வலசையின் அடையாளம். சாலையோரத்தில் நின்று எண்ணினால் சாலை போகும் திசைதான் பதிவாகும்.

அதிகம் நேரும் பிழை திசையில்தான். பூச்சிக்கு எழுத வேண்டியது போகும் திசை; காற்றுக்கு எழுத வேண்டியது வரும் திசை, தென்றல் தெற்கிலிருந்து வருவதைப் போல. இரண்டையும் குழப்பினால் பதிவு 180 டிகிரி திரும்பிவிடும். கைப்பேசித் திசைகாட்டியைக் காருக்கோ இரும்பு வேலிக்கோ அருகில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஒன்றும் பறக்காத நாளில் ‘0’ என்று எழுதுங்கள். கண்ட நாளை மட்டும் பதிந்தால், விடுமுறை நாட்களில்தான் வலசை நடக்கிறது என்று வரைபடம் சொல்லும்!

பூச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்று அறிய, எண் எழுதிய சிறு ஒட்டுச்சீட்டை, அதாவது வில்லையை, இறக்கையில் ஒட்டுவது வேறு வேலை. கனடாவின் அர்குஹார்ட் தம்பதியர் 1952இல் மோனார்க் என்னும் வட அமெரிக்க வலசை வண்ணத்துப்பூச்சி பற்றிய ஆய்வுக்குத் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். தொடக்கத்தில் பயன்படுத்திய பசைத்தாள் மழையில் உதிர்ந்தது. பிறகு கடைகளின் விலைச்சீட்டு போல அழுத்தி ஒட்டும் வில்லைக்கு மாறினார்கள். 1975 ஆகஸ்டில் மின்னசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் வில்லை ஒட்டிய மோனார்க், 1976 ஜனவரியில் மெக்சிகோ மலையில் கிடைத்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் நடக்கும் திட்டத்தில் பின்னிறக்கையின் அடிப்புறத்தில், நரம்புகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டத்தில் வில்லையை ஒட்டுகிறார்கள். அந்த இடம் உடலின் எடை மையத்துக்கு அருகில் இருப்பதால் பறப்பது கெடாது. அரை கிராம் எடையுள்ள பூச்சிக்குச் சுமார் 10 மில்லிகிராம் சுமை. விரல் பட்டால் பசை பிடிக்காது. பல்குத்தும் குச்சியால் வில்லையை எடுத்து, இறக்கையில் வைத்து, சில நொடி மெல்ல அழுத்த வேண்டும். எண், தேதி, இடம், ஆணா பெண்ணா, வளர்த்ததா பிடித்ததா என்பதையெல்லாம் விடுவிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். எந்தத் திட்டத்திலும் சேராமல் சொந்தமாக எண் எழுதி ஒட்டுவது பூச்சியை வதைப்பதுதான். கண்டெடுப்பவர் யாரிடம் சொல்வார்?

தரையிலிருந்து எல்லாம் தெரிவதில்லை. ஐரோப்பாவுக்கு வரும் பெயிண்டட் லேடி என்னும் வண்ணத்துப்பூச்சி இலையுதிர்காலத்தில் திரும்பிப் போவதில்லை, அங்கேயே மடிகிறது என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். 2009இல் ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய பதிவுகளோடு ரேடார் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது, அவை சராசரியாக 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தெற்கே போவது தெரிந்தது. அதனால் குறிப்பேட்டில் ‘வலசை முடிந்தது’ என்று எழுதாதீர்கள். ‘0, கண்ணுக்கெட்டிய உயரம் வரை’ என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வண்ணத்துப்பூச்சிப் பதிவாளர்கள்